சிங்கப்பூர் – நியூயார்க்: தூரக் கணக்கும் பயணச்சீட்டும்

கேள்வி: சிங்கப்பூரில் வசிக்கும் நான், 70 வயதைக் கடந்த என் தாயாரை நியூயார்க்கில் உள்ள தங்கையிடம் தனியே அனுப்ப வேண்டியுள்ளது. தூரம் 15,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்கிறார்கள். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 17 மணி நேரம்தானே ஆக வேண்டும்? பயணச்சீட்டில் ஏறத்தாழ 19 மணி நேரம் என்றிருக்கிறது. மலிவாக இன்னொரு ‘நேரடி’ விமானமும் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் வகுத்தல் சரியானதே. ஆனால் அந்தத் தூரம் பூமிப்பந்தின் மீது இரண்டு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சிங்கப்பூர் கிழக்கே 104 பாகையிலும் நியூயார்க் மேற்கே 74 பாகையிலும் ஏறக்குறைய எதிரெதிராக இருப்பதால், நூல் வடதுருவத்தை ஒட்டியே போகும். விமானமோ, மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயரக் காற்றின் உந்துதலைப் பெறுவதற்காக, பசிபிக் பெருங்கடல் வழியாகச் சுற்றிச் செல்வதும் உண்டு. மேலும், அட்டவணை நேரம் விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் வந்து நிற்பதுவரை கணக்கிடப்படுகிறது.

கடிகாரமும் குழப்பும். கோடையில் நியூயார்க் நேரம் 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 13. கோடையில் இரவு 11 மணிக்குப் புறப்பட்டு 19 மணி நேரம் பறந்தால், மறுநாள் காலை 6 மணிக்கு இறங்குவதாகச் சீட்டில் இருக்கும். அதை ஏழு மணி நேரப் பயணமென்று எண்ணிவிடக் கூடாது.

நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டியது ‘நேரடி’ என்ற சொல்லைத்தான். ஒரே விமான எண்ணில் இடையில் ஓர் ஊரில் நின்று செல்வதையும் நேரடி என்றே விற்கிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இடைநில்லாமலும் பறக்கிறது, ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவும் பறக்கிறது. ஆகவே ‘இடைநிறுத்தம் இல்லை’ என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விலை வேறுபாட்டுக்கும் காரணம் உண்டு: இத்தகைய மிக நீண்ட பயணத்துக்கென்றே அந்நிறுவனம் வைத்திருக்கும் ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் விமானத்தின் 161 இருக்கைகளில் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, சாதாரண எகானமி வகுப்பே அதில் கிடையாது.

பணம் இடங்கொடுத்தால் உங்கள் தாயாருக்கு இடைநில்லா விமானத்தையே எடுங்கள். கால் வீக்கமோ இரத்தம் உறையும் தொல்லையோ இருந்தால் மட்டும், மருத்துவரைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். விலை கருதி மாறிச் செல்வதானாலும், அமெரிக்க மேற்குக் கரையில் இறங்கி உள்நாட்டு விமானம் ஏறும் சீட்டை அவருக்கு வாங்க வேண்டாம். முதலில் இறங்கும் அமெரிக்க நிலையத்திலேயே குடிநுழைவுச் சோதனையை முடித்து, பெட்டிகளை எடுத்து, பொதுவாக மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். முதியவர் ஒருவர் தனியாக அதைச் செய்வது கடினம். இரண்டு தனித்தனிச் சீட்டுகளாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. எதை வாங்கினாலும் பதிவின்போதே சக்கர நாற்காலி வேண்டுமென்று கேட்டுவிடுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.