மரியா சபீனா சொன்ன இரண்டு

அன்புள்ள ஐயா,

நான் மருந்தியல் மாணவி. அமேசான் பழங்குடிகள் அயவாஸ்கா என்ற, மனக்காட்சிகளை எழுப்பும் பானத்துக்காக ஒரு கொடியையும் ஒரு செடியின் இலையையும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். அந்தக் காட்சிகளை உண்டாக்கும், இலையிலுள்ள டிஎம்டி என்ற வேதிப்பொருளை மட்டும் குடித்தால் உடலின் நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியிலுள்ள ஹார்மின் என்ற பொருள் அந்த நொதியைத் தடுக்கிறது. இத்தனை ஆயிரம் செடிகளில் இந்த இணையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? செடிகளே சொல்லிக்கொடுத்ததாக அவர்கள் சொல்வதை நம்பலாமா? அறிவியல் இப்போது விளக்கிவிட்டதால் அவர்களுடைய அறிவு உறுதிப்பட்டுவிட்டது எனலாமா? மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் என் தோழி அந்தப் பானத்துக்காகவே பெரு நாட்டுக்குப் போக ஆசைப்படுகிறாள்.

க.

அன்புள்ள க.,

முதலில் தோழி. கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மருந்தியல் படிப்பவர் இதை இப்படியா எழுதுவது? அந்தக் கொடி தடுக்கும் நொதி மோனோஅமீன் ஆக்சிடேஸ். மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றுடன் அது சேர்ந்தால் செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் எல்லை மீறி உயிருக்கே ஆபத்தாகலாம். போகக் கூடாது என்று இன்றே சொல்லுங்கள். போவதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்வியில் எனக்கு அதிகம் மலைப்பில்லை. ஆயிரக்கணக்கான செடிகளுக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடியதாக ஏன் நினைக்க வேண்டும்? அம்மக்களுக்கு முதன்மையானது கொடிதான். அதை மட்டும் காய்ச்சிக் குடிப்பவர்களும் உண்டு. நன்றாகத் தெரிந்த ஒரு கொடியுடன் இலை இலையாகச் சேர்த்துப் பார்க்க அவர்களுக்குத் தலைமுறைகள் இருந்தன. செடி பேசியதா என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

என்னைத் தைத்தது, 'உறுதிப்பட்டுவிட்டது' என்று நீங்கள் எழுதியது. யார் உறுதிப்படுத்தினார்கள்? எதை? சில காலமாக மரியா சபீனாவை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில் ஹுவாட்லா என்ற மலையூரில் வாழ்ந்த மசாதெக் இனத்து மருத்துவச்சி அவர். நோயாளியின் அருகில் இரவெல்லாம், மனக்காட்சிகளை எழுப்பும் ஒருவகைக் காளானை உண்டு, பாடி, நோயின் காரணத்தைத் தேடுவார். 1955இல் நியூயார்க் வங்கியாளர் கார்டன் வாசன் அங்கே போனார். ஊர் அதிகாரி கேட்டுக்கொண்டதால் மரியா சபீனா அவரையும் அந்த இரவுச் சடங்கில் சேர்த்துக்கொண்டார். 1957இல் வாசன் லைஃப் இதழில் அதை எழுதினார். கட்டுரையில் மரியா சபீனாவின் பெயரையும் ஊரையும் மறைத்திருந்தும் கூட்டம் வந்து சேர்ந்தது. 1958இல் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் அந்தக் காளானிலிருந்து அதன் செயல்படும் வேதிப்பொருளான சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். 1962இல் சைலோசைபின் மாத்திரைகளோடு ஹுவாட்லாவுக்கே போய் மரியா சபீனாவிடம் கொடுத்தார். மாத்திரைக்கும் காளானுக்கும் ஒரே சக்திதான், காளான் முளைக்காத மாதங்களிலும் இனி சடங்கு நடத்தலாம் என்று அவர் சொன்னதாக ஹாஃப்மன் பதிவு செய்திருக்கிறார்.

வேதியியலுக்குக் கிடைத்த சான்றிதழாக இந்த வாக்குமூலத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதே பெண் பிற்காலத்தில் இன்னொன்றும் சொன்னார். அந்நியர்கள் வந்த பிறகு காளான்கள் தம் வலிமையை இழந்துவிட்டன, இனி அவற்றால் பயனில்லை, இதற்குப் பரிகாரமும் கிடையாது என்று. அதை மட்டும் ஒரு மூதாட்டியின் புலம்பலாக ஒதுக்கிவிடுகிறோம். இது என்ன நியாயம்? மாத்திரையைச் சோதித்துச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்ததென்றால், காளானைப் பற்றிச் சொல்லும் தகுதி எங்கே போயிற்று? வாசனுக்கு முன்னால் கடவுளைக் காண்பதற்காக யாரும் அதை உண்டதில்லை, நோயைத் தீர்க்கவே உண்டார்கள் என்றும் அவர் விளக்கினார். யாருக்கு, எதற்காக, எந்த இரவில், யார் துணையுடன் என்பதெல்லாம் அவருடைய மருத்துவத்துக்குள் அடக்கம். ஹாஃப்மன் பிரித்தெடுத்தது அதில் ஒரு பகுதி. அந்தப் பகுதிக்காக அவரை நான் வணங்குகிறேன். அது முழுமை என்று நீங்கள் சொல்லும்போதுதான் கோபம் வருகிறது.

அந்நியர்களை வரவழைத்தவர் என்று ஊர் மரியா சபீனா மேல் பழிபோட்டது. அவருடைய வீடு எரிக்கப்பட்டது. 1985இல் வறுமையில் இறந்தார்.

இன்று சைலோசைபின் ஆய்வுகள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். 2006இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். பங்கேற்பவரிடம் முன்கூட்டியே பலமுறை பேசிப் பழகுகிறார்கள். அவர் படுத்திருக்கிறார், கண்களை மூடியிருக்கிறார்கள், இசை ஒலிக்கிறது, பழகிய ஒருவர் மணிக்கணக்காகப் பக்கத்திலேயே இருக்கிறார். சடங்கு என்று கழித்துக்கட்டியவற்றில் எத்தனை திரும்பிவிட்டன! இவற்றில் எவ்வளவு மருந்தின் வேலை, எவ்வளவு துணையின் வேலை என்று பிரித்து அளப்பது இன்றும் எளிதல்ல. மருந்தா வெற்று மாத்திரையா என்பது விழுங்கியவருக்கே பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

நான் ஆய்வகத்தை வேண்டாம் என்கிறேன் என்று யாரும் மகிழ வேண்டாம். 'முன்னோர் அறியாததா' என்று எனக்குக் கடிதம் எழுதுபவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. சாமியாடியின் கண் கூர்மையானது, ஆனால் அது அந்த இரவையும் அடுத்த சில நாட்களையும் பார்க்கும் கண். ஆடுதீண்டாப்பாளை இனத்துச் செடிகள் பல நாடுகளில் நூற்றாண்டுகளாக மருந்தாக இருந்தவை. அவற்றிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கிறது, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. அந்தப் புற்றுநோய் மருந்தை நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்தும் வரும். அப்போது அந்தப் பழைய கஷாயத்தை யார் சந்தேகிப்பார்கள்? 1993இல் பெல்ஜியத்தில், உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகங்கள் ஒருவர் பின் ஒருவராகச் செயலிழந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். காரணத்தைத் தேடிப் போனபோதுதான் இந்த இனத்துச் செடி பிடிபட்டது.