தூர்வாரிய மண்ணைச் சதுப்பிலேயே போட்டால் நீரோட்டம் என்ன ஆகும்?

எண்ணூர்க் கழிமுகத்தில் வாரும் மண்ணைப் பக்கத்துச் சதுப்பில் பரப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பரப்பலாம், ஆனால் எவ்வளவு கனத்துக்கு, எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். சென்னையில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏறத்தாழ 1 மீட்டர்தான், அதனால் 30 செ.மீ. மண் ஏறினாலே தினமும் தண்ணீர் வந்துபோகும் பல இடங்கள் காய்ந்துவிடும். தாழ்ந்துபோன சதுப்பில் மெல்லிசாகப் பரப்பினால் நல்லது. செடி பிடிக்கும், தண்ணீரின் வேகம் தணியும், ஓதம் கொண்டுவரும் வண்டலும் அங்கேயே படியும்.

அப்புறம், பலரும் கவனிக்காதது முகத்துவாரம். கடல் வற்றும்போது சதுப்பிலிருந்து திரும்பி ஓடும் தண்ணீர்தான் அங்கே சேரும் மணலை அரித்துத் தள்ளுகிறது. சதுப்பை மேடாக்கினால் உள்ளே வரும் தண்ணீரே குறையும், திரும்பும் இழுப்பும் குறையும், மணல்திட்டு வளரும், மழைக்காலத்தில் கொசஸ்தலையாற்று வெள்ளம் கடலுக்குப் போக முடியாமல் குடியிருப்புகளுக்குள் ஏறும். அதனால் சின்ன ஓடைகளைக்கூட மூடவே கூடாது.

இன்னொன்று, எண்ணூர்ச் சேற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கிறது. பரிசோதிக்காமல் ஒரு லாரி மண்கூட உள்ளே இறக்கக் கூடாது.