அரை நியூட்ரான்

வணக்கம் ஐயா,

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். நான் வணிகவியல் படித்தவள். மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இரவில் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சென்ற வாரத் தேர்வில் சோடியம் அயனியில் எத்தனை எலக்ட்ரான்கள் என்று கேட்டிருந்தார்கள். மேலே கூட்டல் குறி இருக்கிறதே என்று பதினொன்றோடு ஒன்றைக் கூட்டி 12 என்று எழுதிவிட்டான். விடை 10 என்கிறார்கள். "பிளஸ் என்றால் கழி, மைனஸ் என்றால் கூட்டு" என்று மனப்பாடம் செய்யச் சொன்னார்களாம். ஏன் என்று அவன் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று: தனிம அட்டவணையில் குளோரினுக்கு நிறை 35.5 என்று போட்டிருக்கிறது. புரோட்டான் 17ஐக் கழித்தால் 18.5 நியூட்ரான் வருகிறது. அரை நியூட்ரான் உண்டா?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள அம்மா,

12 தவறுதான். ஆனால் அந்தத் தவறில் பாதிப் பங்கு பெஞ்சமின் பிராங்க்ளினுக்குச் சேரவேண்டும். 18ஆம் நூற்றாண்டில் மின்சாரத்தை ஒருவகைப் பாய்மம் என்று கருதிய அவர், அது மிகுந்த பக்கத்தைக் கூட்டல் என்றும் குறைந்த பக்கத்தைக் கழித்தல் என்றும் அழைத்தார். எந்தப் பக்கம் மிகுந்திருக்கிறது என்று பார்க்க அன்று வழியில்லை, ஊகம்தான். 1897இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தபோது, இடம் மாறுகிற அந்தத் துகள் கழித்தல் பக்கம் உட்கார்ந்திருந்தது. அதற்குள் உலகம் முழுவதும் பழைய குறியிலேயே எழுதிப் பழகிவிட்டது.

பேரேடு எழுதுகிற உங்களுக்கு இது கடினமே இல்லை. ஒரு புரோட்டானை ஒரு ரூபாய் கையிருப்பு என்றும் ஒரு எலக்ட்ரானை ஒரு ரூபாய் கடன் என்றும் வையுங்கள். சோடியம் அணுவில் இருப்பு 11, கடன் 11, நிகரம் சுழி. ஒரு கடனை அடுத்தவர் தலையில் கட்டியாகிவிட்டது. இப்போது இருப்பு 11, கடன் 10, நிகரம் +1. இப்படி நிகரம் சுழியாக இல்லாததுதான் அயனி. குறியீட்டின் மேலே மூலையில் நிற்பது இந்த நிகரம்தான். எலக்ட்ரான் கூடியதா குறைந்ததா என்று அது நேராகச் சொல்வதில்லை. நாம்தான் கணக்கிட்டு எடுக்கவேண்டும். கடனை வாங்கிக்கொண்ட குளோரினில் இருப்பு 17, கடன் 18, நிகரம் −1.

உவமையை இதற்கு மேல் இழுக்கவேண்டாம். சோடியம் எலக்ட்ரானை மகிழ்ச்சியோடு கொடுத்துவிடும் என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள். தனித்த சோடியம் அணுவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க ஆற்றல் செலவழித்தே ஆகவேண்டும்.

இருப்பில் ஏன் கை வைப்பதில்லை என்று மகன் அடுத்துக் கேட்பான். கை வைத்தால் ஆளே மாறிவிடும். 12 புரோட்டான் இருந்தால் அது மக்னீசியம். அணு எண் என்பது ஒருகாலத்தில் அட்டவணையில் வெறும் வரிசை எண்ணாக இருந்தது. அது உட்கருவின் மின்சுமை, அதாவது புரோட்டான் எண்ணிக்கை, என்பதை 1913இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு காட்டியவர் ஹென்றி மோஸ்லி. இரண்டே ஆண்டுகளில் கலிப்போலிப் போர்க்களத்தில் இறந்துபோனார். வயது 27.

அரை நியூட்ரான் கிடையாது. 35.5 என்பது எந்த ஒரு குளோரின் அணுவின் நிறையும் அல்ல. இயற்கையில் நான்கு குளோரின் அணுக்களை எடுத்தால் தோராயமாக மூன்றுக்கு நிறை எண், அதாவது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை, 35; ஒன்றுக்கு 37. மூன்று முப்பத்தைந்து 105, அதோடு 37 சேர்த்தால் 142, நான்கால் வகுத்தால் 35.5. ஒரே சரக்கை இரண்டு விலைக்கு வாங்கிச் சராசரி போடுவதைப்போல. தனி அணுவில் இருப்பது 18 நியூட்ரான் அல்லது 20. எந்த அணு என்று கேள்வியில் நிறை எண் தரவேண்டும். அதைத் தராமல் அட்டவணையைப் பார்த்துக் கழி என்று கேட்டால், மதிப்பெண் குறைக்கவேண்டியது கேள்வி எழுதியவருக்கு. சோடியத்தில் இந்தத் தொல்லை இல்லை; இயற்கையில் கிடைப்பது 23 மட்டுமே, ஆகவே நியூட்ரான் 12.

உங்கள் கடையிலேயே ஒரு பயிற்சி இருக்கிறது. அயோடின் கலந்த உப்புப் பொட்டலத்தில் அயோடின் பெரும்பாலும் பொட்டாசியம் அயோடேட்டாகவே சேர்க்கப்படுகிறது. அயோடேட் அயனியில் ஒரு அயோடினும் மூன்று ஆக்சிஜனும் உண்டு, நிகரம் −1. புரோட்டான்கள் 53 கூட்டல் மூன்று எட்டு, ஆக 77. எலக்ட்ரான்கள் 78. நியூட்ரான்களுக்கு அயோடின் 127, ஆக்சிஜன் 16 என்று கொண்டால் 74 கூட்டல் 24, மொத்தம் 98. பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் இது: அந்த −1ஐ ஒவ்வொரு அணுவுக்கும் தனித்தனியே போட்டு, நான்கு எலக்ட்ரான் கூட்டிவிடுவார்கள். இது நால்வர் பேரிலுள்ள கூட்டுக் கணக்கு; நிகரம் ஒன்றுதான்.

மகனுக்கு ஒன்று தருகிறேன். அம்மோனியம் அயனி: நைட்ரஜன் ஒன்று, ஹைட்ரஜன் நான்கு, நிகரம் +1, நிறை எண்கள் 14, 1. மூன்று துகள்களையும் எண்ணி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஹைட்ரஜனுக்குக் கழிக்கும்போது சுழி வரும். சரிதானா என்று உங்கள் முகத்தைப் பார்ப்பான்; சற்று நேரம் ஒன்றும் சொல்லாதீர்கள்.