ராகியோடு போன துவரை

அன்புள்ள ஐயா,

கேரள மலைப்பகுதியான அட்டப்பாடியில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். ரேஷன் அரிசி வந்தபின் பட்டினி இல்லை, ஆனால் பிள்ளைகளுக்கு ரத்தசோகை. 2013இல் இங்கே சிசுக்கள் அடுத்தடுத்து இறந்தபோதும் ரேஷன் கடை இருந்தது. அரிசிக்குப் பதில் ராகி கொடுத்தால் சரியாகிவிடுமா?

ஓர் ஆசிரியை, சோலையூர்

அன்புள்ள டீச்சர்,

பாதி சரியாகும். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 இருந்தாலே அதிகம். ஆனால் உங்கள் மலைச்சரிவில் ராகி தனியாக விளைந்ததில்லை. ராகி, சாமையோடு துவரை, அவரை, கீரை விதையையும் கலந்து தூவுவார்கள். சாமை முதலில் அறுப்புக்கு வரும், துவரை தை வரை நிற்கும். களையெடுக்கப் போனவள் மடியில் கீரையோடு திரும்புவாள். களிக்குத் தொட்டுக்கொள்ள அந்தக் கீரைக் கடைசல்தான். நிலம் கைமாறியது, மிச்சமிருந்த விளைநிலத்தில் பன்றியும் யானையும் புகுந்தன. ராகி போனபோது இவையும் போயின.

ரேஷன் ஈடுகட்டியது தானியத்தை மட்டும். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம், பரம ஏழைகளுக்கான அந்த்யோதயா கார்டு உள்ள குடும்பத்துக்கு 35 கிலோ. பருப்பு கிடையாது. எல்லை ஆறான கொடுங்கரைப்பள்ளத்தைத் தாண்டி ஆனைகட்டிக்கு வந்தால், தமிழ்நாட்டு கார்டுக்குத் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மாநிலம் 2007 முதல் தன் காசில் நடத்தும் திட்டம் இது. உங்கள் பக்கம் மானியப் பருப்புக்கு கேரள அரசின் மலிவு விலைக் கடையான மாவேலி ஸ்டோர்தான். அதற்கு பஸ் ஏற வேண்டும், கையில் காசும் வேண்டும்.

அதற்காக அரிசியைத் திட்டவும் மாட்டேன். சாமையை உரலில் குத்தி உமி போக்கும் வேலையைப் பெண்கள் தலையிலிருந்து இறக்கியது அந்த அரிசிதான். பழைய சாப்பாட்டின் பெருமை பேசும் ஆண்களில் சாமை குத்தியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொன்று. உங்கள் பகுதிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் சோகையும் உண்டு. அது பரம்பரையாக வருவது. இரும்புச்சத்து சேர்த்த அரிசியாலோ ராகியாலோ தீராது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். சோகை என்று குறித்த பிள்ளைகளுக்கு அதைப் பார்த்தார்களா என்று சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ராகி கேட்டு மனு எழுதுவதாக இருந்தால் துவரம்பருப்பை முதலில் எழுதுங்கள். ஊருக்கு ஒரு சாமை உடைக்கும் மெஷினும் கேளுங்கள்.