கை நீட்டினால் விரல்வரை இழுப்பது ஏன்?

கேள்வி: எனக்குக் கார்பல் டனல் நோய் இருப்பதாக வைத்தியர் கூறியுள்ளார். காலி வீதி பஸ்ஸில் மேற்கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினால், முழங்கையிலிருந்து விரல்கள்வரை சுரீரென்று இழுக்கிறது. நோய் மணிக்கட்டில்தானே, கை முழுவதும் வலிப்பது ஏன்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கள் ஐயம் நியாயமானது. கார்பல் டனல் நோயில் மணிக்கட்டில் நெருக்குண்பது மீடியன் நரம்பு. அது கழுத்திலுள்ள நரம்பு வேர்களிலிருந்து உருவாகி, அக்குள், முழங்கை வழியாக இறங்கி, மணிக்கட்டில் ஒன்பது தசைநாண்களுடன் ஒரே ஒடுங்கிய வழியைப் பகிர்ந்துகொண்டு, பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றைச் சென்றடைகிறது. கையை நீட்டி மடக்கும் ஒவ்வொரு தடவையும் அது சில மில்லிமீற்றராவது வழுக்கி நகர வேண்டும். நீண்டகாலம் நெருக்குண்ட நரம்பிலோ இரத்த ஓட்டம் குறைந்து, வீக்கம் ஏற்பட்டு, சாதாரண இழுவையையே வலியாக உணரும் நிலை உண்டாகலாம். நரம்பு ஒரே தொடராக இருப்பதால், கழுத்தை மறுபக்கம் சாய்ப்பதுகூட அவ்விழுவையைக் கூட்டும்.

இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றைப் படிப்படியாக நீட்டி இதனைச் சோதிப்பார். ஆயினும் நோயற்றவர்கள் பலருக்கும் அந்நிலையில் இழுவை தோன்றும் என்பதால், இச்சோதனையை மட்டும் நம்பி நோயை உறுதிசெய்வது தவறு என்றே கருதுகிறேன். நரம்பு வழியே மின்சமிக்ஞை செல்லும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்துகைப் பரிசோதனையும், கழுத்தைப் பரிசோதிப்பதும் உதவும்.

வலியைப் பொறுத்துக்கொண்டு கையை இழுத்துப் பயிற்சி செய்ய வேண்டாம் என்று அன்புடன் வேண்டுகிறேன். இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டியை அணியுங்கள். விரல்களில் விறைப்பு (மரத்துப்போன உணர்வு) மாறாமல் நின்றாலோ, பெருவிரலின் அடித்தசை மெலிந்தாலோ தாமதியாது வைத்தியரைக் காணுங்கள்.