அம்மாவின் கால் நகம் மஞ்சளாகிவிட்டது, ஈரல் கோளாறா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 52 வயது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். இரண்டு கால் கட்டைவிரல் நகங்களும் இரண்டு வருடமாக மஞ்சளாகித் தடித்துக்கொண்டே வருகின்றன. போன மாதம் வலது காலில் அடுத்த விரல் நகத்தில் மிளகளவு கறுப்பு வேறு. பக்கத்து வீட்டு அக்கா “ஈரல் கெட்டிருக்கும்” என்கிறாராம். மருந்துக் கடையில் கால்சியம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். “நகத்தைப் பார்த்தே உடம்பில் என்ன கோளாறு என்று சொல்லிவிட முடியுமா டாக்டர்?”

ஓரளவு முடியும். குன்னூரில் என்னிடம் நகத்தோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: ஒரு நகமா, இருபது நகமுமா? ரத்தத்தில் ஓடும் கோளாறு கால் கட்டைவிரலை மட்டும் தேடிப் போய் உட்காராது. கை நகம் பத்தும் நன்றாக இருந்து கால் கட்டைவிரல் மட்டும் கெட்டிருந்தால், காரணம் பெரும்பாலும் காலிலேயே இருக்கும். ஈரல் முற்றிக் கெட்டவர்களுக்கு நகம் வெளுத்துப் போவதுண்டு. மஞ்சளாவது கண்ணின் வெள்ளைதான். அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் நகத்தின் நுனி மேலே தூக்கிக்கொண்டு, அடியில் புட்டு மாவு போலப் பொடி அடைந்திருக்கிறது. விரலிடுக்கு வெளுத்து ஊறியிருக்கிறது. அது சேற்றுப்புண். காலை முதல் மாலை வரை கம்பூட்ஸுக்குள் ஈரமாகவே இருக்கும் காலில், இடுக்கில் குடியேறிய பூஞ்சை நகத்துக்கு ஏறுவது சாதாரணம். ஆனாலும் படத்தை மட்டும் நம்பி மாத்திரை எழுத மாட்டேன். கெட்டுப்போய் வரும் நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. சொரியாசிஸும், வருடக்கணக்காக பூட்ஸ் இடிப்பதும் அதே முகத்தைக் காட்டும். நகத்தடிப் பொடியைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சரி, உடம்பைப் பற்றி இந்த நகம் ஒன்றுமே சொல்லவில்லையா? ஒன்று கேட்கச் சொல்கிறது: சர்க்கரை பார்த்தீர்களா? சர்க்கரை உள்ளவர்களுக்கு நகப்பூஞ்சை எளிதில் வரும், லேசில் போகாது. அதைவிட எனக்குப் பயம், உணர்ச்சி குறைந்த கால்தான். தடித்த நகம் பூட்ஸுக்குள் நாள் முழுக்க அழுத்தி அடியில் புண்ணாகியிருக்கும். வலிக்காததால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மார்கழிக் குளிரில் கரி அடுப்புப் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து, கொப்புளம் வந்தபிறகுதான் சுட்டதே தெரிந்தது என்று வருகிறவர்கள் உண்டு. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு விரல் நுனியையும் லேசாகத் தொட்டு, எந்த விரல் என்று கேளுங்கள். தடுமாறினால் தள்ளிப்போட வேண்டாம்.

ரத்த ஓட்டம் குறைந்தாலும் கால் நகம் தடிக்கும், விரல் மேலுள்ள முடி உதிரும், கால் சில்லிடும். நம் ஊரில் யார் கால்தான் சில்லென்று இல்லை! அதனால் ஒரு கால் மற்றதைவிடக் குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேடு ஏறும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, இரண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடுகிறதா என்றும் கேளுங்கள். அப்படி என்றால் நகத்தை விடுங்கள், முதலில் காலின் நாடியைப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தக் கறுப்பு. சரிவில் இறங்கும்போது விரல் பூட்ஸ் முனையில் இடித்து ரத்தம் கட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போலத்தான் வளரும். இன்று ஒரு படம், ஆறு வாரம் கழித்து ஒரு படம் எடுங்கள். கறுப்பு நுனியை நோக்கி நகர்ந்து, அடியில் சுத்தமான நகம் வந்தால் கவலையில்லை. நகராமல் அப்படியே இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீளக் கோடாக அகலமாகிக்கொண்டே போனாலோ, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கறுப்பு படர்ந்தாலோ, ஆறு வாரமெல்லாம் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். அபூர்வம்தான், ஆனால் மெலனோமா என்ற புற்றுநோய் அப்படி வரும். பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் கட்டைவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தது அதைத்தான். 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36. பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடுகள் நம் நிறத்தவர்களுக்குச் சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கால்சியம் மாத்திரையால் இந்த நகத்துக்கு ஒரு பயனும் இல்லை. நகத்தில் வரும் வெள்ளைப் புள்ளிகூடப் பெரும்பாலும் சின்ன அடியின் தழும்புதான். இரும்புச்சத்துக் குறைவு காட்டும் நகம் வேறு மாதிரி: மெலிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும் அளவுக்குக் கரண்டிபோலக் குழிந்திருக்கும். கடும் காய்ச்சல் வந்துபோனால் பல நகங்களில் குறுக்கே பள்ளம் விழும். இதையெல்லாம் கை நகத்தில் பார்ப்பதுதான் சுலபம்.

பூஞ்சை என்று உறுதியானால் டெர்பினாஃபின் மாத்திரை, வழக்கமாக 12 வாரம். அதற்கு முன் ஈரலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. (கடைசியில் ஈரல் வந்துவிட்டது பாருங்கள்!) மாத்திரை முடிந்தபிறகும் நல்ல நகம் முழுதாக வளர்ந்து வர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். மூன்றாம் மாதமே “மருந்து கேட்கவில்லை” என்று விட்டுவிடாதீர்கள். சேற்றுப்புண்ணுக்குக் கடையில் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டாம். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். மழைக்காலத்தில் நம் ஊரில் எதுவும் காயாது என்பது தெரியும். முடிந்தால் இரண்டு ஜோடி பூட்ஸ், மாற்றி மாற்றி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலுறையை மாற்றி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றினாலே பாதி வேலை முடியும்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போதும். நகத்தைக் காட்டப் போகும்போது அதை ஒட்ட வெட்டிவிடாதீர்கள், சுரண்டி எடுக்க எதுவும் இருக்காது. மருதாணியும் வேண்டாம். போன மாதம் ஒரு பாட்டி பேத்தி கல்யாணம் முடிந்த கையோடு வந்தார். பத்து நகமும் பளபளவென்று சிவந்திருந்தன. மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன்.