சிரசாசனம் வராத ஆசிரியர்

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது 46. முதுகுவலிக்காக யோகா வகுப்பில் சேர்ந்தேன், ஆறு வருடமாக விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன். எங்களுக்குச் சொல்லித்தரும் அம்மா, மகளுக்குப் பிரசவம் என்று பெங்களூருக்கே குடிபோகிறார். "காலை வகுப்பை இனிமே நீதான் எடுக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்றுவரை எனக்குச் சிரசாசனம் வராது. ஒல்லியான உடம்பும் இல்லை. கையில் சான்றிதழ் கிடையாது. நாலு பேர் முன்னால் பேசினால் குரல் நடுங்கும். நான் எடுக்கலாமா? நீங்கள் இத்தனை வருடமாகச் சொல்லித்தருகிறீர்களே, அதில் அப்படி என்னதான் கிடைக்கிறது?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

எடுக்கலாம். சான்றிதழைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் இந்தச் சிரசாசனத்தை ஒரு பக்கம் வைப்போம்.

உங்கள் வகுப்புக்கு யார் வருகிறார்கள்? பவர் டேபிள் தையல் மெஷினில் நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்து கழுத்து இறுகிப்போனவர்கள் இருப்பார்கள். மூட்டுத் தேய்ந்த அம்மாக்கள், பிபி மாத்திரை போடுகிறவர்கள் இருப்பார்கள். இவர்களில் யாருக்கும் உங்கள் சிரசாசனம் தேவையில்லை. ரத்தக் கொதிப்பும் கண் அழுத்தமும் உள்ளவர்களை அந்தப் பக்கமே விடக்கூடாது. நீங்கள் தலைகீழாக நின்று காட்டினால் அவர்கள் கைதட்டுவார்கள், பிறகு வலியோடு வீட்டுக்குப் போவார்கள்.

உலகப் புகழ்பெற்ற யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் 1937இல் புனேவுக்குப் பாடம் நடத்தப் போனபோது அவருக்கு வயது 18. அனுப்பியவர் அவருடைய அக்கா கணவரும் குருவுமான கிருஷ்ணமாச்சாரியார். பையனுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பது முக்கியக் காரணம். சின்ன வயதில் காசநோய், மலேரியா, டைஃபாய்டு எல்லாம் வந்துபோன நோஞ்சான் உடம்பு. புனேயில் அவரிடம் கற்க வந்தவர்களோ உடற்பயிற்சி செய்து முறுக்கேறியவர்கள். தன்னைவிட அவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமே என்றுதான் அந்தப் பையன் மணிக்கணக்கில் பயிற்சி செய்தார். கயிறு, நாற்காலி, மரக்கட்டை, தலையணை என்று அவர் பிற்பாடு வகுப்புக்குள் கொண்டுவந்ததெல்லாம் வளையாத உடம்புகளுக்காகத்தான். உங்களுக்கும் முதலில் தேவைப்படப்போவது நாற்காலிதான். கை வைக்காத பிளாஸ்டிக் நாற்காலியாகப் பாருங்கள், வழுக்காமல் இருக்க அடியில் பாயைப் போடுங்கள்.

கிருஷ்ணமாச்சாரியாரே 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். படுக்கையிலேயே செய்கிற மாதிரி தனக்கொரு பயிற்சியை அமைத்துக்கொண்டார். மைசூர் அரண்மனையில் ராஜா முன்னால் வித்தை காட்டிய அதே மனிதர்தான். எனக்கு அந்த மைசூர்க் காலத்துப் படங்களைவிட இந்தப் படுக்கைக் கதைதான் பிடிக்கும்.

சரி, செய்து காட்டுவது முக்கியமில்லை என்றால் எது முக்கியம்? பார்ப்பது. புது ஆசிரியர்கள் பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தாங்களும் கூடவே செய்துகொண்டிருப்பார்கள். அது அவர்களுடைய சொந்தப் பயிற்சி, வகுப்பு இல்லை. எழுந்து நடங்கள். முன்னால் குனியச் சொன்னதும் பாதிப் பேர் காலைத் தொட்டே தீருவது என்று முதுகை வளைத்துக் குதிப்பார்கள். தொடையின் பின்பக்கத் தசை இறுகியிருந்தால் இடுப்பு முன்னால் சாயாது, முழுச் சுமையும் கீழ் முதுகுக்குப் போகும். "முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்க" என்றால் போதும், முகம் மாறிவிடும். அப்புறம் மூச்சைப் பாருங்கள். ஆழமாக இழுக்கச் சொன்னால் வயிற்றை உள்ளே இழுத்துத் தோளைத் தூக்குகிறவர்கள்தான் எங்கும் அதிகம். மூச்சு உள்ளே போகும்போது வயிறு மெல்ல வெளியே வரும் என்பதைப் பல வருடம் யோகா செய்தவர்களுக்கும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்லித்தர மாட்டார்கள். வகுப்பைப் பார்த்து நிற்கும்போது "வலது கை" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் இடது கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் எதிரே இருப்பவர்கள் குழம்ப மாட்டார்கள். வீட்டில் கண்ணாடி முன் பழகிக்கொள்ளுங்கள். யாரையும் கேட்காமல் தொட்டுத் திருத்தாதீர்கள். குரல் நடுக்கத்துக்கு மருந்து, குறைவாகப் பேசுவது. எந்த உறுப்பு, எந்தப் பக்கம், எப்போது மூச்சு. இது மூன்றையும் சொல்லிவிட்டு வாயை மூடுங்கள். நாடி, சக்கரம், குண்டலினி எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் காலை ஆறு மணிக்கு வேண்டாம்.

என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்கள். தேசிகாச்சார் கதை நம்மில் பலர் கேட்டதுதான். கிருஷ்ணமாச்சாரியாரின் மகன், இன்ஜினீயரிங் படித்தவர், அப்பாவின் தொழில்மேல் ஆசையில்லாதவர். ஒருநாள் காலையில் ஒரு வெளிநாட்டுப் பெண் காரிலிருந்து இறங்கி ஓடிவந்து, ஆசாரமான அந்த வைணவப் பெரியவரை வாசலிலேயே கட்டிக்கொண்டார். நேற்று ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்கினேன் என்று சொல்லத்தான் வந்திருந்தார். பையன் வேலையை விட்டுவிட்டு அப்பாவிடம் படிக்க உட்கார்ந்தார். 1976இல் சென்னையில் 'கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம்' என்ற யோகா நிலையத்தைத் தொடங்கியவர் அவர்தான்.

என் வகுப்பில் யாரும் என்னைக் கட்டிக்கொண்டதில்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வருவார், தோள் இறுகி வலது கை காதுவரை வராது. மாதக்கணக்கில் சுவரில் விரலால் ஏறி ஏறி, ஒருநாள் "டீச்சர், மேல் அலமாரியிலிருந்து நானே டப்பா எடுத்தேன்" என்றார். டப்பாவில் என்ன இருந்தது என்பதையும் சொன்னார். முறுக்கு. இன்னொரு அம்மா கல்யாண வீட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டு யார் கையையும் பிடிக்காமல் எழுந்ததை வகுப்பு முழுவதற்கும் நடித்தே காட்டினார். கிடைப்பது இதுதான். போதுமா என்றால், எனக்குப் போதும். கூடவே ஒரு லாபம் உண்டு. மற்றவர்களுக்குச் சொல்ல வாயெடுக்கும்போதுதான், நாம் வருடக்கணக்கில் யோசிக்காமல் செய்துவந்தது எவ்வளவு என்று தெரியும். நேராக நிற்கும் தாடாசனத்தில் எடை குதிகாலிலா முன்பாதத்திலா என்று ஒருவர் கேட்பார், நீங்கள் அன்று சாயங்காலம் சமையலறையில் நின்று பார்ப்பீர்கள்.

சான்றிதழ். அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு வைத்த 200 மணி நேர ஆசிரியர் பயிற்சி அளவுகோல் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது, ரிஷிகேஷில் ஒரு மாதத்துக்குள் முடித்துத் தருகிறார்கள். மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றிதழ் வாரியம் நிலைவாரியாகத் தேர்வு வைக்கிறது. பள்ளியிலோ ஜிம்மிலோ வேலைக்குப் போவதானால் இதில் ஏதாவது ஒன்று கேட்பார்கள். உங்கள் ஆறு வருடத்துக்கு ஒரு மாதப் படிப்பு மாற்றாகாது, ஆனால் உடற்கூறும் எச்சரிக்கைகளும் முறையாகப் படித்தே ஆக வேண்டும். கர்ப்பிணிக்கும் குடலிறக்கம் உள்ளவருக்கும், வயிற்றை உதறி வேகமாக மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதி ஏன் கூடாது என்று தெரியாமல் வகுப்பில் நிற்காதீர்கள். வேலையில் இருந்துகொண்டே வார இறுதியில் படிக்கிற மாதிரி ஒன்றில் சேருங்கள்.

வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். காலை வகுப்பு ஒன்றின் வருமானத்தில் திருப்பூரில் வாடகை கொடுக்க முடியாது. ஆனால் கட்டணம் வாங்குங்கள், கொஞ்சமாக இருந்தாலும். இலவசம் என்றால் மூன்றாம் வாரமே ஆள் குறையும்.

அந்த அம்மா பெங்களூரு கிளம்புமுன் சில நாள் அவரைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் நடத்துங்கள். அவர் என்ன திருத்தினார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா